வெளிநாட்டுப் படிப்புக்கு மாணவர் விசா: கோலாலம்பூரில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எஸ்பிஎம், எஸ்டிபிஎம் என்ற மலேசியப் பள்ளித் தேர்வுகளின் முடிவுகள் வெளிவரும் மாதங்களில் பிரிக்பீல்ட்ஸ், செந்தூல், கிள்ளான் பக்கத்திலிருந்து வரும் அழைப்புகளில் இதே சந்தேகங்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. கேள்விகளைக் கேட்டவர்கள் சொன்ன மாதிரியே விட்டிருக்கிறேன். தொகைகளும் விதிகளும் 2025 இறுதி நிலவரம். கட்டணம் அடிக்கடி ஏறும். பணம் கட்டும் நாளில் அந்தந்த நாட்டுக் குடிநுழைவுத் துறையின் இணையப் பக்கத்தை ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

நம்ம பாஸ்போர்ட்டுக்கு லண்டன், ஜெர்மனிக்கெல்லாம் விசா வேண்டாமே. போய் இறங்கி அங்கேயே மாத்திக்கலாம்தானே?

முடியாது. மலேசியர்கள் பிரிட்டனுக்கு விசா இல்லாமல் ஆறு மாதம் வரை போய்வரலாம். 2025 ஜனவரி 8 முதல் அதற்கும் இடிஏ என்ற மின்னணு அனுமதி வாங்க வேண்டும். அந்த அனுமதியில் ஆறு மாதத்துக்கு உட்பட்ட குறுகிய படிப்பு படிக்கலாம். பட்டப்படிப்புக்கு அங்கிருந்தபடியே மாணவர் விசாவுக்கு மாற வழியில்லை. திரும்பி வந்துதான் விண்ணப்பிக்க வேண்டும்.

ஆஸ்திரேலியாவுக்கு வருகையாளராகப் போய் அங்கேயே மாணவர் விசா எடுத்தவர்கள் முன்பு நிறைய பேர். 2024 ஜூலை 1 முதல் அது நின்றுவிட்டது. "எங்க அண்ணன் அப்படித்தான் போனாரு" என்று யாராவது சொன்னால், எந்த வருடம் போனார் என்று கேளுங்கள். ஜெர்மனிக்கு 90 நாள் விசா இல்லாமல் போகலாம், ஆனால் படிக்கப் போகிற மலேசியர் இங்குள்ள ஜெர்மன் தூதரகத்தில் விசா வாங்கிக்கொண்டுதான் புறப்பட வேண்டும்.

முதல்ல விசாவா, முதல்ல யூனிவர்சிட்டியா?

முதலில் இடம், அப்புறம் விசா. பல்கலைக்கழகம் உங்களைச் சேர்த்துக்கொண்டதற்கு ஒரு தாளோ எண்ணோ கொடுக்கும். விசா விண்ணப்பம் அதைப் பிடித்துக்கொண்டுதான் நகரும். பிரிட்டனில் அதற்கு காஸ் என்று பெயர், ஆஸ்திரேலியாவில் சிஓஇ, அமெரிக்காவில் ஐ-20. வெறும் ஆஃபர் லெட்டர் வேறு, இது வேறு. ஆஃபரை ஏற்று முன்பணம் கட்டிய பிறகுதான் பெரும்பாலும் இது கைக்கு வரும்.

எந்த நாட்டு விசா ஈஸியா கிடைக்கும்?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். நான் இதை இரண்டாவதாகத்தான் கேட்பேன். படித்து முடித்ததும் பிள்ளை திரும்பி வரப்போகிறதா, கொஞ்ச நாள் அங்கே வேலை பார்க்கப் போகிறதா என்பதை வீட்டில் முதலில் பேசிவிடுங்கள். அதற்கேற்ப நாடு மாறும்.

பிரிட்டன் விதிகள் கறாரானவை, ஆனால் தெளிவானவை: காஸ், பணம், ஆங்கிலம் மூன்றும் சரியாக இருந்தால் மலேசியருக்குப் பெரிய தொல்லை இல்லை. விண்ணப்பித்தால் வழக்கமாக மூன்று வாரத்தில் பதில் வரும். படிப்பு முடிந்ததும் கிராஜுவேட் விசாவில் இரண்டு வருடம் அங்கே வேலை தேடலாம் என்பது பலருக்குத் தெரியும். 2027 ஜனவரி 1 முதல் அதற்கு விண்ணப்பிப்பவர்களுக்கு அது 18 மாதம்தான், முனைவர் பட்டத்துக்கு மட்டும் மூன்று வருடம். இப்போது மூன்று வருடப் படிப்பில் சேர்கிறவர்கள் 18 மாதம் என்றே கணக்குப் போட வேண்டும்.

ஆஸ்திரேலியாவின் மாணவர் விசா சப்கிளாஸ் 500. 2024 மார்ச் முதல் அதில் 'உண்மையான மாணவரா' என்று பார்க்கும் கேள்விகள் உண்டு: ஏன் இந்தப் படிப்பு, ஏன் இந்த நாடு, உங்கள் நிலைமை என்ன, படித்து என்ன பயன் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். இணையத்தில் எடுத்து ஒட்டியது படிப்பவருக்குத் தெரிந்துவிடும். பிள்ளை தானே எழுதட்டும், நீங்கள் படித்துப் பார்த்தால் போதும்.

அமெரிக்காவின் எஃப்-1 விசாவுக்கு ஜாலான் துன் ரசாக்கில் உள்ள தூதரகத்தில் நேர்காணல். படித்துவிட்டுத் திரும்புவீர்கள் என்று அதிகாரி நம்ப வேண்டும். அந்தச் சில நிமிடப் பேச்சுத்தான் முடிவு. சிங்கப்பூர் காகித வேலையில் எளிது: படிப்பு தொடங்க இரண்டு மாதத்துக்குள், ஆனால் ஒரு மாதத்துக்கு முன்பாகவே மாணவர் பாஸுக்கு விண்ணப்பிக்க வேண்டும். அங்கே கஷ்டமெல்லாம் இடம் கிடைப்பதில்தான். அரசுப் பல்கலைக்கழகத்தில் கட்டண மானியம் வாங்கினால் மூன்று வருடம் சிங்கப்பூர் நிறுவனத்தில் வேலை செய்யும் கட்டுப்பாடும் கூடவே வரும்.

படிப்புக் கட்டணம் இல்லாம விசாவுக்கு மட்டும் எவ்வளவு செலவு?

பிரிட்டன் விசாக் கட்டணம் 2025 ஏப்ரல் முதல் 524 பவுண்டு. பலரும் மறப்பது மருத்துவ சர்சார்ஜ், அதாவது அங்குள்ள அரசு மருத்துவச் சேவைக்கான கட்டணம்: மாணவருக்கு வருடத்துக்கு 776 பவுண்டு, விசாக் காலம் முழுவதற்கும் முன்கூட்டியே ஒரே தடவையில். மூன்று வருடப் பட்டப்படிப்பு என்றால் விசா அதைவிடச் சில மாதம் கூடுதலாகத் தருவார்கள், அதனால் பொதுவாக மூன்றரை வருடக் கணக்கு, அதாவது 2,716 பவுண்டு. விசாக் கட்டணத்தைவிட ஐந்து மடங்கு. அட்டையில் அவ்வளவு வரம்பு இருக்கிறதா என்று முன்னாலேயே பாருங்கள். கடைசிப் பக்கத்தில் கார்டு மறுக்கப்பட்டுத் தவித்தவர்கள் உண்டு.

ஆஸ்திரேலியா 2025 ஜூலை முதல் 2,000 ஆஸ்திரேலிய டாலர், மறுத்தாலும் திரும்பாது. அதோடு படிப்புக் காலம் முழுவதற்கும் ஓஎஸ்எச்சி என்ற மருத்துவக் காப்புறுதி. அமெரிக்காவுக்கு விசாக் கட்டணம் 185 அமெரிக்க டாலர், செவிஸ் என்ற மாணவர் பதிவு முறைக்கான கட்டணம் 350 டாலர்.

பேங்க்ல எவ்வளவு காட்டணும்? எத்தனை நாள் வச்சிருக்கணும்?

பிரிட்டனுக்கு முதல் வருடத்தில் இன்னும் கட்டாத படிப்புக் கட்டணமும் ஒன்பது மாத வாழ்க்கைச் செலவும் இருக்க வேண்டும். 2025 நவம்பர் 11 முதல் லண்டனில் மாதம் 1,529 பவுண்டு, வெளியே 1,171 பவுண்டு. ஒன்பது மாதத்துக்கு லண்டன் 13,761, மற்ற ஊர்கள் 10,539. இந்தத் தொகை தொடர்ந்து 28 நாள் கணக்கில் இருக்க வேண்டும், அந்த 28 நாள் முடிந்து 31 நாளுக்குள் விண்ணப்பம் போக வேண்டும். நடுவில் ஒரே ஒரு நாள் தொகைக்குக் கீழே இறங்கினாலும் எண்ணிக்கை முதலிலிருந்து தொடங்கும். ரிங்கிட்டில் வைத்திருப்பவர்கள் நாணய மாற்று ஏற்ற இறக்கத்துக்காகக் கொஞ்சம் கூடுதலாகவே வைப்பது புத்திசாலித்தனம். தீபாவளிச் செலவுக்கு அதில் கை வைக்காதீர்கள்.

ஆஸ்திரேலியா 2024 மே முதல் ஒரு வருட வாழ்க்கைச் செலவாக 29,710 ஆஸ்திரேலிய டாலர் கேட்கிறது, அதற்கு மேல் முதல் வருடக் கட்டணமும் பயணச் செலவும். அங்கே 28 நாள் விதி கிடையாது. ஆனால் திடீரென்று வந்து விழுந்த பெரிய தொகை எங்கிருந்து வந்தது என்று கேட்பார்கள்.

பிரிட்டனுக்கு மலேசியர் பேங்க் ஸ்டேட்மெண்டே குடுக்க வேண்டாம்னு காலேஜ்ல சொன்னாங்களே?

பாதி உண்மை. மலேசியா பிரிட்டனின் குறைந்த ஆவணப் பட்டியலில் இருக்கிறது. அதனால் விண்ணப்பத்தோடு பணச் சான்றும் கல்விச் சான்றிதழ்களும் இணைக்கத் தேவையில்லை. ஆனால் விதி தளரவில்லை: பணம் இருந்தாக வேண்டும், அதிகாரி கேட்டால் மேலே சொன்ன 28 நாள் கணக்கைக் காட்டியாக வேண்டும். கேட்ட பிறகு ஏற்பாடு செய்ய நேரம் இருக்காது.

இபிஎப்ல காசு இருக்கு, வீட்டு கிராண்ட் இருக்கு, நகை இருக்கு. அதையெல்லாம் காட்டக்கூடாதா?

பிரிட்டனுக்குக் காட்டக்கூடாது. உடனே எடுத்துச் செலவழிக்கக்கூடிய பணம்தான் பணம். ஓய்வுக்கால நிதி, பங்கு, சொத்து, கிரெடிட் கார்டு வரம்பு எதுவும் கணக்கில் வராது. ஊழியர் சேமநிதியிலிருந்து பிள்ளையின் உயர்கல்விக்குப் பணம் எடுக்க வழி உண்டு, ஆனால் அது வங்கிக் கணக்குக்கு வந்து சேர்ந்த பிறகே 28 நாள் ஓடத் தொடங்கும். நகையை அடகு வைத்தாலும் அதே கதை. ஆகவே ஆகஸ்டில் ஓடாமல் ஏப்ரல், மே மாதத்திலேயே தொடங்குங்கள். பிடிபிடிஎன் என்ற அரசு உயர்கல்விக் கடன் உள்நாட்டுப் படிப்புக்குத்தான், அதை நம்பி வெளிநாட்டுக் கணக்கைப் போடாதீர்கள்.

சிங்கப்பூர்ல இருக்கிற தாய்மாமாதான் படிக்க வைக்கிறாரு. அவரு கணக்கைக் காட்டலாமா?

பிரிட்டனுக்கு ஆகாது. மாணவர் கணக்கு, பெற்றோர் கணக்கு அல்லது சட்டப்படியான பாதுகாவலர் கணக்கு. தாய்மாமா எவ்வளவு நெருக்கமானவர் என்றாலும் விதியில் அவருக்கு இடமில்லை. பணத்தை அம்மா கணக்குக்கு மாற்றி 28 நாள் வைப்பதுதான் வழி. பெற்றோர் கணக்கு என்றால் பிறப்புப் பத்திரமும் அவர்கள் சம்மதக் கடிதமும் தயாராக இருக்கட்டும். பத்திரம் மலாயில் இருப்பதால் சான்றளித்த ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும்.

ஆஸ்திரேலியா இந்த அளவுக்குக் கறார் இல்லை. மாமா ஏன் கொடுக்கிறார், அவர் வருமானம் என்ன, பணம் உண்மையிலேயே பிள்ளை கைக்கு வருமா என்று பார்ப்பார்கள்.

பேருல ஏ/பி இருக்கு. ஃபாரத்துல குடும்பப் பேரு கேட்குது. என்ன எழுதுறது?

நம் பாஸ்போர்ட்டில் பெயர் பிரிக்கப்படாமல் ஒரே புலமாக வரும்: 'கவிதா ஏ/பி முருகன்' என்பதுபோல. ஏ/பி என்றால் மலாயில் 'இன்னாரின் மகள்'. வெளிநாட்டுப் படிவம் அதை இரண்டாகப் பிரிக்கச் சொல்லும். எப்படிப் பிரித்தாலும் பல்கலைக்கழகம், விசா, விமானச் சீட்டு எல்லாவற்றிலும் ஒரே மாதிரி இருக்கட்டும். காஸில் ஏ/பி விட்டுப்போயிருந்தால் விசாவுக்கு விண்ணப்பிக்கும் முன்பே பல்கலைக்கழகத்திடம் சொல்லித் திருத்துங்கள். விமானச் சீட்டில் சாய்கோடு ஏறாது, அதற்குப் பயப்பட வேண்டாம்.

இதைவிடப் பெரிய தலைவலி அப்பா பெயரின் எழுத்து. பிறப்புப் பத்திரத்தில் ஒரு மாதிரி, அடையாள அட்டையில் ஒரு மாதிரி, வங்கியில் இன்னொரு மாதிரி என்று பல வீடுகளில் இருக்கிறது. தோட்டத்துக் காலத்தில் பெயரை எழுதிய கிராணியை, அதாவது தோட்டத்து எழுத்தரை, சொல்ல வேண்டும். முந்தைய பதிலில் சொன்னபடி அப்பா கணக்கைக் காட்டினால் இந்த வேறுபாடு கண்ணில் படும். சத்தியப் பிரமாண ஆணையரிடம் போய் இரண்டு பெயரும் ஒரே ஆள்தான் என்று சத்தியப் பிரமாணம் எடுத்து ஆவணங்களோடு வையுங்கள்.

டிபி டெஸ்ட் கட்டாயமா? நம்ம பக்கத்து கிளினிக்ல எடுக்கலாமா?

ஆறு மாதத்துக்கு மேற்பட்ட பிரிட்டன் விசாவுக்கு மலேசியாவில் இருப்பவர்களுக்கு டிபி எனும் காசநோய்ச் சோதனை கட்டாயம். பிரிட்டன் அங்கீகரித்த கிளினிக்கில் மட்டுமே. பக்கத்து கிளினிக் எக்ஸ்ரே செல்லாது. சான்றிதழ் ஆறு மாதம் செல்லும். ஆஸ்திரேலியாவுக்கும் அப்படியே, அவர்கள் பட்டியலில் உள்ள மருத்துவரிடம்தான்.

எஸ்பிஎம் இங்கிலீஷ்ல ஏ. அப்புறமும் ஐஇஎல்டிஎஸ் எழுதணுமா?

பட்டப்படிப்புக்குப் பிரிட்டன் பல்கலைக்கழகம் தானே உங்கள் ஆங்கிலத்தை மதிப்பிட்டு காஸில் எழுதிக் கொடுக்கலாம். எஸ்பிஎம் ஆங்கிலத்தையோ முயெட் என்ற மலேசிய ஆங்கிலத் தேர்வையோ ஏற்பதும் மறுப்பதும் அவர்கள் விருப்பம். ஃபவுண்டேஷன் போன்ற பட்டத்துக்குக் கீழ்ப்பட்ட படிப்பு என்றால் குடிநுழைவுத் துறை ஏற்ற தேர்வுதான் வேண்டும். 'ஐஇஎல்டிஎஸ் ஃபார் யுகேவிஐ' என்று பார்த்துப் பதியுங்கள். சாதாரண ஐஇஎல்டிஎஸ் எழுதிவிட்டு மறுபடியும் பணம் கட்டுகிறவர்களை வருடா வருடம் பார்க்கிறேன்.

பொண்ணுக்குப் பதினேழுதான் ஆகுது. அம்மா கூடப் போய் சமைச்சுப் போட்டுக்கிட்டு இருக்கலாமா?

பிரிட்டனில் மாணவர் விசாவில் அம்மாவைச் சேர்க்க இடமே இல்லை. 2024 ஜனவரி முதல் கணவன், மனைவி, பிள்ளைகளைக்கூட ஆராய்ச்சி மாணவர்களும் அரசாங்க உபகாரச் சம்பளத்தில் போகிறவர்களும் மட்டுமே அழைத்துப்போக முடியும். அம்மா இடிஏ வாங்கிப் பார்த்துவிட்டு வரலாம், தங்கிவிட முடியாது. பதினெட்டுக்குக் கீழே என்றால் பெற்றோரின் சம்மதக் கடிதம் வேண்டும். அங்கே தங்கும் இடம், பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு எல்லாவற்றுக்கும் சம்மதம் என்று அதில் எழுதியிருக்க வேண்டும்.

ஆஸ்திரேலியாவில் பதினெட்டு வயதுக்கு உட்பட்ட மாணவருக்காகப் பெற்றோர் கூட இருக்க சப்கிளாஸ் 590 என்ற பாதுகாவலர் விசா உண்டு. ஆனால் சில மாதத்தில் பதினெட்டு ஆகிவிடுமென்றால் அந்தச் செலவு வீண். சோறு வைக்கவும் பருப்பு கடையவும் இங்கேயே கற்றுக்கொடுத்து அனுப்புங்கள்.

பார்ட் டைம் வேலை செஞ்சே படிச்சிடலாம்னு சொல்றாங்களே?

கைச்செலவுக்கு ஆகும், கட்டணத்துக்கு ஆகாது. பிரிட்டனில் பட்டப்படிப்பு மாணவருக்குப் படிப்பு நடக்கும் காலத்தில் வாரம் 20 மணி நேரம். ஆஸ்திரேலியாவில் இரண்டு வாரத்துக்கு 48 மணி நேரம். அமெரிக்காவில் வளாகத்துக்குள் மட்டும், 20 மணி நேரம்.

ஒரு பொறி இருக்கிறது. பிரிட்டனில் மாணவர் சுயதொழில் செய்யக்கூடாது. செயலி வழி உணவு கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை பெரும்பாலும் சுயதொழில் கணக்குத்தான். இங்கே கிராப் ஓட்டிய பழக்கத்தில் அங்கேயும் பைக் எடுத்தால் விசா போய்விடும்.

டூ பிளஸ் ஒன் படிக்கிறேன். கடைசி வருஷம் மட்டும் அங்க. எனக்கும் இதெல்லாம் உண்டா?

உண்டு. முதல் இரண்டு வருடம் இங்கே, கடைசி வருடம் மட்டும் வெளிநாட்டில் என்றாலும் அந்த ஒரு வருடத்துக்கு புதிதாக காஸ், பணம், டிபி சோதனை எல்லாம். இங்குள்ள கல்லூரி பெரும்பகுதியைக் கவனித்துக்கொள்ளும், ஆனால் பணத்தின் 28 நாளை உங்களுக்காக யாரும் எண்ண மாட்டார்கள்.

ஆஸ்திரேலியாவுக்குப் போகிறவர்கள் கவனியுங்கள். படித்தபின் வேலை பார்க்கும் 485 விசாவுக்கு அந்த நாட்டிலேயே இரண்டு கல்வியாண்டு, குறைந்தது 16 மாதம், படித்திருக்க வேண்டும். கடைசி ஒரு வருடம் மட்டும் போனால் அது கிடைக்காது. வேலைதான் நோக்கம் என்றால் ஒன் பிளஸ் டூ பக்கம் பாருங்கள். கல்லூரி விளம்பரத் தாளில் இது எழுதியிருக்காது.

இந்தியாவுல டாக்டருக்குப் படிக்கணும். தாத்தா ஊரு தஞ்சாவூர். விசா வேணுமா?

மலேசியப் பாஸ்போர்ட் மட்டும் இருந்தால் மாணவர் விசா வேண்டும், 180 நாளுக்கு மேற்பட்டது என்றால் போய் 14 நாளுக்குள் எஃப்ஆர்ஆர்ஓ என்ற வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தில் பதிய வேண்டும். ஓசிஐ அட்டை, அதாவது இந்திய வம்சாவளி வெளிநாட்டவருக்கு இந்தியா தரும் அட்டை, இருந்தால் விசாவும் வேண்டாம், பதிவும் வேண்டாம். தாத்தாவோ கொள்ளுத் தாத்தாவோ இந்தியாவிலிருந்து வந்தவர் என்று ஆவணத்தோடு காட்ட முடிந்தால் ஓசிஐக்கு வழி உண்டு. ஊர்ப் பெயர் தெரிந்தால் போதாது. தாத்தாவின் பழைய பாஸ்போர்ட் மாதிரி ஏதாவது வேண்டும். பெட்டியின் அடியில் தேடிப் பாருங்கள்.

எம்பிபிஎஸ் படிக்க விசா எதுவானாலும் நீட் என்ற இந்திய மருத்துவ நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். இப்போது புதிதாக ஓசிஐ வாங்குகிறவர்களும் இந்தியக் குடிமக்களுக்கு மட்டும் ஒதுக்கிய இடங்களுக்குப் போட்டியிட முடியாது. இதைவிட முக்கியம், அந்தக் கல்லூரி மலேசிய மருத்துவ மன்றத்தின் அங்கீகாரப் பட்டியலில் இருக்கிறதா என்பது. மலேசிய உயர்கல்வி அமைச்சு கொடுக்கும் என்ஓசி என்ற ஆட்சேபனையின்மைக் கடிதத்தையும் வாங்கிக்கொண்டு புறப்படுங்கள். சட்டம் படிக்கப் பிரிட்டன் போகிறவர்களும் இங்குள்ள சட்டத் தகுதி வாரியத்தின் பட்டியலை அதே மாதிரி பார்க்க வேண்டும். விசா கொடுக்கும் நாட்டுக்கு இதில் அக்கறை கிடையாது.

எனக்கு சிவப்பு ஐசி. இங்கதான் பொறந்தேன். நான் போக முடியுமா?

சிவப்பு ஐசி என்பது குடிமக்கள் அல்லாத நிரந்தரவாசிகளின் அடையாள அட்டை. அதனால் போக முடியாது என்று இல்லை, பாதை நீளம். விசாவைப் பொறுத்தவரை நீங்கள் எந்த நாட்டுக் குடிமகன் என்பதே கணக்கு, எங்கே பிறந்தீர்கள் என்பது அல்ல. மேலே சொன்ன குறைந்த ஆவணச் சலுகை மலேசியக் குடிமக்களுக்கு மட்டும்தான். நீங்கள் பணச் சான்றும் கல்விச் சான்றும் முழுதாக இணைக்க வேண்டும். எந்த நாட்டுப் பாஸ்போர்ட்டும் இல்லாதவர்கள் மலேசியக் குடிநுழைவுத் துறையின் அடையாளச் சான்றில் பயணம் செய்ய வேண்டியிருக்கும். அதை எந்தத் தூதரகம் எப்படி ஏற்கும் என்பதைப் படிப்புக்கு முன்பணம் கட்டும் முன்பே அந்தத் தூதரகத்திடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். குடியுரிமை விண்ணப்பம் நடப்பில் இருந்தால் அதன் நகலையும் வைத்திருங்கள்.

ஏஜென்ட் "விசா கேரண்டி" சொல்றாரு. நம்பலாமா?

விசா முடிவு அதிகாரியுடையது. உறுதி சொல்ல யாராலும் முடியாது. ஏஜென்ட் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நல்ல ஏஜென்ட் பல வேலைகளைக் குறைப்பார், அவருக்குப் பல்கலைக்கழகமே கமிஷன் கொடுக்கும். அதனாலேயே தனக்குக் கமிஷன் வரும் இடங்களை மட்டும் அவர் காட்டலாம் என்பதை மனதில் வையுங்கள். விண்ணப்பக் கணக்கு உங்கள் மின்னஞ்சலில் திறக்கட்டும், கடவுச்சொல் உங்களிடம் இருக்கட்டும், அனுப்பும் முன் ஒவ்வொரு பக்கத்தையும் படியுங்கள். "பேங்க் ஸ்டேட்மெண்ட் நான் பார்த்துக்கிறேன்" என்று சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். போலிச் சான்று பிடிபட்டால் பிரிட்டன் பத்து வருடம், ஆஸ்திரேலியா மூன்று வருடம் தடை போடலாம். தடை ஏஜென்டுக்கு அல்ல, பிள்ளைக்கு.

போன வருஷம் ஒரு நாட்டுல ரிஜெக்ட் ஆயிடுச்சு. இந்தத் தடவை வேற நாடு. சொல்லணுமா?

சொல்ல வேண்டும். முன்பு எந்த நாட்டிலாவது விசா மறுக்கப்பட்டதா என்று படிவமே கேட்கும். மறுப்பு ஒன்றினாலேயே கதவு மூடாது. மறைத்தது தெரிந்தால் மேலே சொன்ன தடைதான். மறுப்புக் கடிதத்தில் காரணம் எழுதியிருக்கும். பணக் கணக்கில் நாள் குறைந்ததா, ஆவணம் விட்டுப்போனதா, படிப்பைத் தேர்ந்தெடுத்த காரணம் நம்பும்படி இல்லையா என்று பார்த்து, அதைச் சரிசெய்ததை இந்த விண்ணப்பத்தில் ஒரு பத்தியில் எழுதுங்கள்.

அந்த மறுப்பு பிரிட்டனுடையது என்றால், விசாக் கட்டணம் போனதுதான். மருத்துவ சர்சார்ஜ் மட்டும் கட்டிய அட்டைக்கே தானாகத் திரும்பி வரும். வந்ததா என்று கணக்கைப் பாருங்கள், பழைய அட்டையை ரத்து செய்துவிட்டவர்கள் வங்கியிடம் கேளுங்கள்.